சப்பாத்தும் அருவருப்பும்

ஒரே பக்கத்தில் மூன்று இடத்தில் 'டிஸ்கஸ்ட்' வந்திருந்தது. மூன்று இடத்திலும் 'அருவருப்பு' என்று போட்டு அனுப்பிவிட்டேன். அகராதியைத் திறந்தால் முதலில் நிற்கும் சொல் அதுதான்; பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலிக்கு மொழிபெயர்ப்பவன் இரண்டாவது சொல்வரைக்கும் போவது அபூர்வம். மெய்ப்புப்படி திரும்பி வந்து, பெரிய வாய்க்கால் ஓரத்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தபோதுதான் பக்கம் பல்லிளித்தது.

கட்டுரை 1873இல் இங்கே, புதுச்சேரியில் நடந்த சப்பாத்து விவகாரத்தைப் பற்றியது. பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வழக்கறிஞர், ஐரோப்பியர் போடுகிற சப்பாத்தும் காலுறையும் மாட்டிக்கொண்டு நீதிமன்றத்துக்குள் வந்தார். நீதிபதி அதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். பொன்னுத்தம்பி விடவில்லை. விவகாரம் கப்பலேறி பாரிசின் கஸாசியோன் நீதிமன்றம்வரை போனது; தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நான் மொழிபெயர்த்த கட்டுரைக்காரர், சப்பாத்தைப் பார்த்த நீதிபதிக்கு ஒரு 'டிஸ்கஸ்ட்' கொடுத்திருந்தார். தடுக்கப்பட்ட பொன்னுத்தம்பிக்கு ஒன்று. செய்தி கேட்ட ஊருக்கு ஒன்று. ஆங்கிலத்தில் மூன்றும் உறுத்தாமல் கிடந்தன. என் தமிழிலோ மூன்று பேரும் சேர்ந்து ஒரே குப்பைத்தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது.

ஆங்கிலச் சொல் நாக்கில் பிறந்தது. பிரெஞ்சிலிருந்து போனது. பிரெஞ்சில் 'தெகூ', அதற்குள் இருக்கும் 'கூ' என்றால் சுவை. வாயில் வைத்தது ஒப்பாமல் துப்புவதுதான் சொல்லின் அடிவயிறு. டார்வினும் அங்கிருந்துதான் தொடங்கினார். உணர்ச்சிகள் உடலில் வெளிப்படும் விதத்தைப் பற்றி 1872இல், அதாவது நம் சப்பாத்து விவகாரத்துக்கு முந்தைய வருஷம், அவர் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் தியரா தெல் ஃபுயேகோவில் நடந்த ஒன்றைச் சொல்கிறார். அவர் தின்றுகொண்டிருந்த பதப்படுத்திய இறைச்சியை அந்த ஊர்க்காரர் ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்து, அதன் கொழகொழப்பில் முகம் சுளித்தாராம். டார்வினுக்கோ, ஆடையில்லாத ஒரு 'காட்டுமிராண்டி' தன் சாப்பாட்டைத் தொட்டதில் குமட்டலாம். அவர் கை அழுக்காகத் தெரியவில்லை என்றும் டார்வினே ஒத்துக்கொள்கிறார். நேர்மையான மனிதர். கை சுத்தமாக இருந்தும் குமட்டினால் அது நாக்கின் வேலையா? அந்தக் கேள்வியை அவர் அத்தோடு விட்டுவிட்டார். நம் ஊர்க்காரன் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பான்: தீட்டு.

'டிஸ்கஸ்ட்' என்ற சொல்லின் ஆங்கில உறவுக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு உறுப்பில் குடியிருக்கிறார்கள். 'ரிவல்ஷன்' பின்னால் இழுத்துக்கொள்வது. சுடுபட்ட கை சட்டென்று மீள்வதுபோல. 'அபாரன்ஸ்' மயிர்க்கூச்செறிவது. 'லோதிங்' பழைய ஜெர்மானியச் சொல். அது சட்டென்று வராது, வருஷக்கணக்கில் ஒரே வீட்டில் இருந்து வளர்வது. நம் 'காழ்ப்பு' அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். மரத்தின் வைரமும் காழ்தானே. ஆனால் என்னை நிறுத்தியது 'ரெப்யூக்னன்ஸ்' என்ற சொல். லத்தீனில் அதன் நடுவில் இருப்பது சண்டை. எதிர்த்துப் போரிடுவது என்பதுதான் முதல் பொருள். ஒவ்வாமை, வெறுப்பு எல்லாம் பின்னால் ஏறியவை. நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதாக நினைக்கும் ஒரு உணர்ச்சிக்குள்ளே, கையை ஓங்கிக்கொண்டு ஒருவன் நிற்கிறான்.

ஓங்கிய கைக்கு ஆங்கிலத்தில் 'அக்ரெஷன்'. லத்தீனில் அதன் பொருள் காலை எடுத்து முன்னே வைப்பது. வேடிக்கை என்னவென்றால் வடமொழியின் 'ஆக்கிரமிப்பு'க்குள்ளும் அதே கால்தான் இருக்கிறது. 'கிரமம்' என்றால் அடி, நடை. இரண்டு மொழியும் தூரத்து உறவு என்பதால், சண்டையைக் காலில் கண்டுபிடித்தன என்று வைத்துக்கொள்வோம். ஆனால் தமிழ்த் தினசரியில் ஆக்கிரமிப்பு என்றால் நடைபாதைக் கடை. அதை அகற்றத்தான் செய்வார்கள். அதனால் 'அக்ரெசிவ்' என்று வந்தால் எல்லோரும் 'ஆக்ரோஷம்' போடுகிறார்கள். கிரிக்கெட் வர்ணனையில் தொடங்கி மனநல மருத்துவமனையின் துண்டறிக்கைவரை இதே கதை. ஆக்ரோஷத்தில் காலே கிடையாது, அது தொண்டை. கத்தித் திட்டுவது என்பதுதான் வடமொழியில் அதன் பொருள்.

போன வருஷம் வைத்திக்குப்பத்திலிருந்து தெரிந்த பெண் ஒருவர் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். மகன் படிக்கிற பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது, ஆங்கிலத்தில்.

"அண்ணே, இன்னா எழுதியிருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க."

பையனின் நடத்தை 'அக்ரெசிவ்' என்று இருந்தது. எனக்கும் வாயில் வந்தது அந்தச் சொல்தான். "பையன் ஆக்ரோஷமா நடந்துக்கிறானாம்."

அவர் முகம் மாறிவிட்டது. "ஆக்ரோஷமா? அது ஆத்தாவுக்கு வர்றதாச்சே! எம் புள்ள யாரண்ணே அடிச்சான்?"

யாரையும் அடித்ததாகக் கடிதத்தில் இல்லை. வரிசையில் முண்டுகிறான், பக்கத்துப் பையனின் பென்சிலைப் பிடுங்குகிறான், டீச்சர் கேட்டால் முறைக்கிறான். கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னார்: "முரட்டுத்தனம் பண்றான்னு எழுத வேண்டியதுதானே. இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பெரிய பேச்சு? ஒரு நிமிஷம் ஈரக்கொலையே ஆடிப்போச்சு."

பேச்சு பெரிது என்றதுதான் சரியான விமர்சனம். ஆங்கிலத்தில் விற்பனைப் பிரதிநிதியைக்கூட அதே சொல்லால் பாராட்டலாம். தமிழில் அந்தச் சொல் சூலத்தோடு வருகிறது.

கோபத்துக்குத் தமிழில் சொல் பஞ்சம் என்று யாரும் சொல்லமுடியாது. சினம், சீற்றம், முனிவு, செற்றம், கறுவு, ஆத்திரம், எரிச்சல், கடுப்பு. கறுப்பும் சிவப்பும் நிறத்தோடு வெகுளியையும் குறிக்கும் என்று தொல்காப்பிய உரியியல் தனியாகவே விதி சொல்கிறது. (வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்று நடுவில் வாய்க்காலை விட்டுப் பிரித்த பிரெஞ்சுக்காரர்கள் இதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.) சினம் ஆறவேண்டியது என்றார் ஔவை. இந்த ஊரில் 1908 முதல் 1918 வரை அடைக்கலமாக இருந்த பாரதி, புதிய ஆத்திசூடியில் பழகிக்கொள்ளச் சொன்னபோது சினத்தைத் தொடாமல், ரௌத்திரத்தை எடுத்துக்கொண்டார். கிழவியோடு நேருக்குநேர் மோதாமல் சொல்லை மாற்றிக்கொண்ட சாமர்த்தியம் அது என்று எனக்குத் தோன்றும். வெகுளியின் கதைதான் பரிதாபம். தொல்காப்பியத்திலும் குறளிலும் எரிந்துகொண்டிருந்த சொல், இன்றைக்குச் சூதுவாது தெரியாத அப்பாவிக்குப் பெயர். 'அந்தப் பொண்ணு ஒரு வெகுளி' என்றால் அவளுக்குக் கோபமே வராது என்று பொருள்.

அருவருப்புக்கு வருவோம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டுச் சுவைகளைச் சொல்கிறது. வடமொழி நாட்டிய சாத்திரத்திலும் எட்டு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பொருத்துகிறவர்கள், அங்கே இருக்கும் பீபத்சத்துக்கு நேராக இங்கே இருக்கும் இளிவரலை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இளிவரல் என்றால் 'டிஸ்கஸ்ட்'. நானும் பல வருஷம் அப்படித்தான் நம்பினேன்.

ஆனால் இளிவரல் எதனால் வருகிறது என்று தொல்காப்பியர் சொல்வதைப் பாருங்கள். நான்கு காரணம்: மூப்பு, நோய், வருத்தம், மென்மை. கடைசியில் உள்ள மென்மையை வறுமை என்றும் கொள்வார்கள். இந்த நான்கில் பிணம் இருக்கிறதா? சீழ், புழு, மலம் ஏதாவது இருக்கிறதா? பீபத்சம் என்றால் நினைவுக்கு வரும் எதுவுமே இல்லை. கிழடாகிவிட்டேன், படுத்துவிட்டேன், நொந்துவிட்டேன், இல்லாதவனாகிவிட்டேன் என்று நிற்கிற ஆள்தான் இருக்கிறான். பிறரிடத்தில் இதைக் கண்டாலும் இளிவரல் தோன்றும் என்று உரைகள் இடம் கொடுக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் பட்டியலின் பாரம் எங்கே இறங்குகிறது என்பது தெளிவு. முகம் சுளிக்கிறவனைவிட, முகம் சுளிக்கப்பட்டவனைத்தான் அது பார்க்கிறது. திருவள்ளுவர் மானம் என்ற அதிகாரத்தில் உயிரோடு எடைபோடுவதும் இந்த இளியைத்தான். நாறும் பண்டத்தை அல்ல.

வெகுளிக்கும் நான்கு காரணம் உண்டு: உறுப்பை அறுப்பது, குடியைக் கெடுப்பது, அடிப்பது, கொல்வது. நான்கும் வெளியிலிருந்து ஒருவன் வந்து செய்பவை. அப்படிப் பார்த்தால் பொன்னுத்தம்பிக்கு வெகுளி வரக் காரணமே இல்லை. அவர் விரலைக்கூட யாரும் தொடவில்லை. காலைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இளிவரல் செத்துப்போன சொல் என்று நினைக்கவேண்டாம். சட்டையை மாற்றிக்கொண்டு தெருவில் திரிகிறது. 'அசிங்கம்' என்று சொல்கிறோம். வாய்க்காலில் மிதப்பது அசிங்கம். 'நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டான்' என்றால்? அங்கே வாய்க்கால் இல்லை, நான்தான் இருக்கிறேன். 'அசிங்கமாப் போச்சு' என்று ஒருவன் சொன்னால் அவன் எதையும் பார்த்து முகம் சுளிக்கவில்லை; மற்றவர்கள் சுளித்ததைத் தன் தோலில் வாங்கிக்கொண்டிருக்கிறான். வடமொழியில் 'தனியான', 'வெறும்' என்று இருந்த கேவலமும் நம்மிடம் வந்து இதே வேலைக்குச் சேர்ந்தது. கண்ணராவி இன்னும் நுணுக்கம்: அராவுவது அரத்தால் தேய்ப்பது, கண்ணை அரம் போடுகிற காட்சி. இவை எதையும் 'டிஸ்கஸ்ட்' என்று ஆங்கிலத்துக்குக் கொண்டுபோக முடியாது. அங்கே அவமானம் வேறு அறை, அருவருப்பு வேறு அறை.

இடையில் ஒரு புகார். சமீபகாலச் சிறுகதைகளில் 'அசூயையாக இருந்தது' என்று எழுதி அருவருப்பாக இருந்தது என்று பொருள்கொள்கிறார்கள். அசூயை பொறாமை. சுத்தமில்லாததற்குச் சொல் அசூசை. ஒரு எழுத்துதான். ஆனால் சாக்கடையைத் தாண்டும் கதாநாயகி அதைப் பார்த்துப் பொறாமைப்படுவதை இனியும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது.

அருவருப்பும் வன்முறையும் இரண்டு அறை இல்லை என்பதைக் காரைக்காலைச் சுற்றியிருக்கும் கீழத்தஞ்சை வயல்கள் நன்றாக அறியும். பண்ணையாட்களுக்கு அங்கே இருந்த தண்டனையின் பெயர் இரட்டையாகவே வரும்: சாணிப்பால், சவுக்கடி. கரைத்து ஊற்றும் சாணி தொண்டைக்கு, சவுக்கு தோலுக்கு. 1940களில் பி. சீனிவாசராவ் முதலான கம்யூனிஸ்டுகள் சங்கம் கட்டிப் போராடி அதை ஒழித்தார்கள். சவுக்கடிபட்டதைப் பழைய ஆட்கள் பேரனிடம் சொல்வார்கள். சாணிப்பாலைச் சொல்லும்போது பேச்சு நின்றுவிடும் என்று அந்தப் பக்கத்து நண்பர் ஒருவர் சொன்னார். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கிடந்தது தெரியவந்தது 2022 டிசம்பரில். அதைத் தாக்குதல் என்பதா, அருவருப்பு என்பதா? மொழிபெயர்க்கக் கொடுத்தால் நான் எந்தச் சொல்லை எடுப்பேன்? தொட்டியில் கலந்தவனுக்குத் தெரியும், தான் ஓங்கியது கைதான் என்று.

இந்த ஊரில் அகராதிக்குக் குறைவில்லை. 1846இல் லத்தீன்–பிரெஞ்சு–தமிழ் அகராதி ஒன்று இங்கே மிஷன் அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. பிறகு தமிழ்–பிரெஞ்சு அகராதி இரண்டு பாகமாக, 1855இலும் 1862இலும். தொகுத்தவர்கள் டுப்புய், மூசே என்ற பாதிரியார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாருக்குச் சொல்லின் நுணுக்கம் தெரியத்தான் வேண்டும். கோபம் தலையான பாவங்கள் ஏழில் ஒன்று. கூட்டில் முழங்காலிட்டு அதை ஒத்துக்கொள்ளலாம். அருவருப்பு அந்த ஏழில் இல்லை. 'சாமி, பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து அருவருத்தேன்' என்று யாராவது முழங்காலிட்டிருப்பார்களா? அதனாலேயே அது சுகமாக ஒளிந்துகொள்கிறது.

பிரெஞ்சே இப்போது வேறு பக்கம் போய்விட்டது. எங்கள் தெருவில் ஒரு சொல்தா வீடு இருக்கிறது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கினவர்களை இங்கே சொல்தா என்போம். வீட்டுக்காரர் காலமாகிவிட்டார், ஆயா மட்டும் இருக்கிறார். பாரிசிலிருந்து பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். அன்றைக்குச் சாயங்காலம் கடற்கரைச் சாலைக்குப் போவதாக ஏற்பாடு. மழை பிடித்துக்கொண்டது. பையன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து 'ஜெ சுயி தெகூத்தே' என்றான். முன்னால் இருந்தது ஆயா வைத்த வஞ்சிரமீன் குழம்பு.

"என் கொழம்பப் பாத்தா உனக்குக் கொமட்டுது?"

"இல்ல ஆயா! பீச் போக முடியலன்னு..."

ஆயாவின் தலைமுறை லிசே பள்ளியில் படித்த பிரெஞ்சில் அது குமட்டல். இவன் தலைமுறைக்கு ஆசை ஏமாந்த சலிப்பு, நம் 'ச்சே'. ஆயா சமாதானமாகவில்லை. இன்னொரு கரண்டி குழம்பை அவன் தட்டில் ஊற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அந்தச் 'ச்சே' முக்கியம். நம் உண்மையான நிறபேதங்கள் பெயர்ச்சொற்களில் இல்லை, இந்த ஓரெழுத்துச் சத்தங்களில் இருக்கின்றன என்று எனக்கு ஒரு கட்சி உண்டு. 'ச்சே' விதியைப் பார்த்தோ தன்னைப் பார்த்தோ வருவது. 'ச்சீ' எதிரில் இருப்பதைப் பார்த்து; ஆனால் காதலிக்கிறவள் சொன்னால் கிட்டே வா என்று பொருள். 'தூ' வந்துவிட்டால் பேச்சு முடிந்தது. பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிற அம்மாள் ஒருவர் இந்த மூன்றையும் ஒரே வாடிக்கையாளரிடம் வரிசையாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாதி விலைக்குக் கேட்டதற்கு 'ச்சே, காலங்காத்தால'. செவுளைத் தூக்கிப் பார்த்து நாறுது என்றதற்கு 'ச்சீ, கைய எடு'. நகர்ந்துபோனவர் முதுகுக்கு ஒரு 'தூ'. வாயில் எச்சில் இல்லை, சத்தம் மட்டும்தான். அது துப்பலா, அடியா என்று கேட்டால் வாங்கின முதுகுக்குத்தான் தெரியும்.

டீக்கடைப் பெஞ்சுக்குத் திரும்பி, மூன்று இடத்தையும் திருத்தினேன். நீதிபதிக்கு அருவருப்பே இருக்கட்டும். அவர் காலில் இருந்ததும் அதே மாதிரித் தோல்தான்; டார்வின் பார்த்த கையைப்போல அந்தச் சப்பாத்திலும் அழுக்கு இருந்திருக்காது. ஊருக்கு 'காறித் துப்பியது' என்று போட்டேன். பொன்னுத்தம்பிக்குத்தான் ஒரு வாரம் ஆயிற்று. இளிவரல் என்று போட்டால் பண்டிதர்களைத் தவிர யாரும் படிக்கமாட்டார்கள். அவமானம் என்று போட்டால் உடம்பு போய்விடுகிறது. கடைசியில் புளியங்காய் கடித்த பேத்தி 'பல்லு கூசுது தாத்தா' என்றபோது கிடைத்தது. பல் கூசும், கண் கூசும், அக்குள் கூசும், நா கூசும், மனம் கூசும். நாக்கிலிருந்து மானம்வரை ஒரே வினைச்சொல் நடந்துபோகிறது.

கூசிய மனிதர் பிற்பாடு செய்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1881 செப்டம்பரில், சொந்தச் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு மாறலாம் என்று ஆணை வந்தபோது முன்னால் நின்றவர் அவர். குடும்பப் பெயர் ஒன்று எடுத்துக்கொள்ளவேண்டும். அவர் எடுத்தது லாபோர்த். பிரெஞ்சில் கதவு என்று பொருள். செருப்பைக் கழற்றிப் போடுகிற இடத்தையே பெயராக வைத்துக்கொண்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

திருத்தத்தை அனுப்பியபோது புத்தகம் அச்சேறிவிட்டது. இரண்டாம் பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் சார் என்றார் பதிப்பாளர். முதல் பதிப்பே முந்நூறு பிரதி. 64ஆம் பக்கத்தில் மூவருக்கும் அருவருப்புதான். வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், நடுவில் இருப்பதை அடித்துவிட்டு, 'கூசினார்' என்று பேனாவால் எழுதிக்கொள்ளுங்கள்.